திருடன் பயந்த இடம்

வெர்னன் புரூயிட் முதலில் அதை மிளகுத்தூள் என்றுதான் நினைத்தார்.

காலையில் முட்டை சாப்பிட்ட அதே மேஜையில்தான் பழைய துண்டை விரித்துத் துப்பாக்கியை வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அதற்கு எண்ணெய் போடும் நாள். தோட்டாக் கூட்டைக் கழற்றி, உள்ளே காலிதான் என்று ஒரு தடவை பார்த்து, அது போதாது என்று இன்னொரு தடவையும் பார்த்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்ட பிறகுதான் எண்ணெய்த் துணியைத் தொடுவார். இன்றும் அப்படித்தான் தொட்டார். கைப்பிடி ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. தட்டினார், போகவில்லை. ஊதினார், போகவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் அது துரு என்று தெரிந்தது. கடுகில் பாதி இருக்கும்.

சட்டென்று துண்டின் ஓரத்தை இழுத்து அதன் மேல் மூடினார்.

“என்ன, முகம் இப்படிக் கறுத்துப் போச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மனைவி லொரெட்டா.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னு நீ சொன்ன அன்னிக்குத்தான் வண்டி பள்ளத்துல இறங்கும். தள்ளு, பாக்கறேன்.” குனிந்து பார்த்தாள். “மிளகு.”

“துரு.”

லொரெட்டா நிமிர்ந்தாள். “ராய்ஸ் அண்ணன் பார்த்தா?” என்றாள் மெதுவாக.

சொந்தத் துப்பாக்கியாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயோடு வேலை முடிந்திருக்கும். மிஸ்ஸூரியில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நாலு துப்பாக்கி உண்டு, அவற்றில் இரண்டு துருவும் உண்டு. ஆனால் இது லொரெட்டா பிறந்த டிரம்மண்ட் குடும்பத்தின் பொதுச் சொத்து. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தக் குட்டித் துப்பாக்கிக்கு அந்தக் குடும்பத்தில் இருக்கிற மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

கதை ஊருக்கே தெரியும். 1931-ல் ஹாலிஸ் க்ரீக் வங்கியில் கொர்னீலியா டிரம்மண்ட் காசாளராக இருந்தார். இரும்புக் கம்பியோடு ஒரு திருடன் வந்தான். கொர்னீலியா மேஜை இழுப்பறையிலிருந்து இந்தத் துப்பாக்கியை எடுத்தார். அவன் கம்பியைச் சுழற்றி அடித்தான். அது துப்பாக்கியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனது. போகிற போக்கில் அந்த அம்மாளின் கண்களைப் பார்த்துவிட்டான். பயத்தில் கை தடுமாறி, கம்பி வளைந்து வழுக்கி, கீழே விழுந்தது. ஓடியே போய்விட்டான். துப்பாக்கி அன்றைக்கும் சுடவில்லை, அதன் பிறகும் சுடவில்லை. கம்பி உரசிய கீறல் மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு நின்றுவிட்டது. அதன் நுனியில் தூண்டில் முள் மாதிரி சின்ன வளைவு உண்டு. அந்த வளைவுக்குத்தான் குடும்பத்தில் ‘திருடன் பயந்த இடம்’ என்று பெயர்.

வருஷா வருஷம் ஜூலை இரண்டாம் ஞாயிறு, பூங்காக் கொட்டகையில் டிரம்மண்ட் குடும்பம் கூடும். சுருட்டுப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கி அன்றைக்குக் கை மாறும். வாங்கிக்கொள்பவர் ஒரு வருஷத்துக்குக் காவலர். பெட்டி மூடியின் உட்புறத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதுவார்கள். அடுத்த வருஷம் அவர் பழுதில்லாமல் திருப்பிக் கொடுத்தால், பென்சிலை அழித்துவிட்டு மையால் எழுதுவார்கள். பழுதா இல்லையா என்று சொல்கிற அதிகாரம் கொர்னீலியாவின் மகள் மாவிஸுக்கு. வயது எண்பத்து நாலு. குடும்பம் மொத்தத்துக்கும் அவர் பெரியத்தை.

போன வருஷம் முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டிய அரிசோனாக்காரர் வேண்டாம் என்று கடிதம் போட்டுவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியத்தை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “லொரெட்டா வீட்டுக்காரன்கிட்ட குடுங்க” என்றார்.

மற்ற எல்லோரும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

“அத்தை, அவரு நம்ம ரத்தம் இல்லையே” என்றார் ராய்ஸ். லொரெட்டாவின் அண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன வீடுகளில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தின வருஷத்துக் காவலரும் அவர்தான்.

“எண்ணெய்தானே போடணும்? ரத்தம் எதுக்கு?” என்றார் பெரியத்தை.

ராய்ஸ் பென்சிலை எடுத்தார். மூடியில் வெர்னனின் பெயரை எழுதவில்லை. ‘லொரெட்டாவின் வீட்டுக்காரர்’ என்று எழுதினார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் வெர்னனுக்கு அந்தக் குடும்பத்தில் இருந்த பெயரே அதுதான். கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது, “லொரெட்டா வீட்டுக்காரரு எடுப்பாரு” என்று கேமரா இவர் கைக்கு வந்துவிடும். முப்பத்தொரு படங்களிலும் அவர் இல்லை. ஒன்றில் மட்டும் அவருடைய நிழல் புல்தரையில் விழுந்திருக்கிறது. அவர் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்தவர் இல்லை. ஆனால் அந்த மூடியில் தன் பெயர் மையால் ஏற வேண்டும் என்கிற ஆசை இந்த ஒரு வருஷமாக அவரைப் பிடித்து ஆட்டியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அறுபத்து மூன்று வயதில் அவர் வேறெதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

பெட்டியைக் கொடுக்கும்போது பெரியத்தை சொன்னது ஒன்றுதான்: “மாசம் ஒரு தடவை எண்ணெய். அதுக்கு மேல கை வைக்காதே.”

வெர்னன் கை வைத்தார்.

கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மிகவும் மெல்லிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டு, பூனைக்குட்டியைத் தடவுவது மாதிரி தடவினார். துரு போய்விட்டது. துருவோடு அந்த இடத்துக் கருநீலப் பூச்சும் போய்விட்டது. பத்து சென்ட் காசு அளவுக்கு வெள்ளை வெளேர் என்று இரும்பு பல்லைக் காட்டியது.

மறுநாள் கடைக்குப் போய், இரும்பைக் கறுக்க வைக்கிற திரவம் ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்தார். புட்டியின் மேல் ‘ஒரே நிமிடத்தில் பழைய நிறம்’ என்று போட்டிருந்தது. ஒரே நிமிடத்தில் கத்திரிக்காய் நிறம் வந்தது. சுற்றிலும் கொஞ்சம் தடவினால் கலந்துவிடும் என்று தடவினார். கத்திரிக்காய் பெரிதாகிவிட்டது.

லொரெட்டா எட்டிப் பார்த்தாள். “நேத்து மிளகு. ராத்திரி பத்து சென்ட் காசு. இப்ப கத்திரிக்கா. இப்படியே போனா சாயங்காலம் பூசணிக்காயா?”

“கேலி பண்ணாத லொரெட்டா.”

“கேலியா? தொண்ணூறு வருஷமா அந்தத் துப்பாக்கி ஒருத்தரையும் கொல்லல. இந்த வருஷம் உன்னைக் கொல்லப் போகுது. டெல்பர்ட்கிட்ட கொண்டு போ.”

டெல்பர்ட் துப்பாக்கி பழுதுபார்க்கிறவர். ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டு நடத்துகிறார். கைவேலைக்காரர், தங்கமான மனிதர். அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் வேட்டைக்காரர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், துப்பாக்கிக்காரர்களில் இரண்டு ஜாதி உண்டு. பழசைப் பழசாகவே வைத்திருந்து, மேல் நிறத்தில் நகம் பட்டாலே துடித்துப்போகிறவர்கள் சேகரிப்பவர்கள். மழையிலும் சேற்றிலும் போட்டுப் புரட்டிவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பளபளவென்று ஆக்கிக் கொடு என்பவர்கள் வேட்டைக்காரர்கள். டெல்பர்ட் தன் ஆயுளில் சேகரிப்பவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

வெர்னன் இடத்தைத் தொட்டுக் காட்டினார். “இந்த ஒரு இடம் மட்டும், டெல்பர்ட். பக்கத்து நிறத்தோட சேர்ந்து போகணும். வேற எதையும் தொடாதே.”

“விட்டுட்டுப் போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்.”

“இந்த இடம் மட்டும்.”

“நீங்க கவலைப்படாம போங்கண்ணே.”

கவலைப்படாதே என்று ஒருவர் இரண்டு தடவை சொன்னால் கவலைப்பட வேண்டும். வெர்னன் கவலைப்படாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனார். டெல்பர்ட் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. “பிரிங்கண்ணே, நீங்களே பிரிங்க.”

வெர்னன் பிரித்தார். உள்ளே இருந்தது நேற்றுத்தான் செய்த துப்பாக்கி மாதிரி இருந்தது. ஆழ்கிணற்றுத் தண்ணீர் போலக் கறுப்பாக மின்னியது. அதில் ஒரு முகம் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அது தன் முகம்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“முழுசாத் தீட்டிட்டேன்” என்றார் டெல்பர்ட். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். “எம் பொண்ணுங்க மூணும் ஸ்கூலுக்குப் போன பன்னெண்டு வருஷமும் நீங்கதான் பஸ் ஓட்டினீங்க. ஒரு நாளாவது நேரத்துக்கு வாசலுக்கு வந்திருப்பாளுகளா? ஒரு நாளாவது விட்டுட்டுப் போயிருப்பீங்களா? இதுக்கு ஏதாவது செய்யணும் செய்யணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். ஒத்தைப் பைசா வேண்டாம்ணே.”

வெர்னன் துப்பாக்கியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“டெல்பர்ட், கீறல் எங்கே?”

“எந்தக் கீறல்? ஓ, அதுவா!” டெல்பர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆழமான கீறல்ணே. அதை எடுக்கவே ஒரு நாள் பூரா ஆச்சு. இப்ப விரல வெச்சுப் பாருங்க, இருந்த இடம் தெரியாது.”

வெர்னன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அந்தக் கீறலின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல டெல்பர்ட்டும் இன்னொரு ஸ்டூலைத் தேடினார். ஊருக்கே தெரிந்த கதை, அவர் மட்டும் மனைவியின் ஊரிலிருந்து பின்னால் குடிவந்தவர்.

“எனக்கு யாருமே சொல்லலியேண்ணே” என்றார் பாவமாக. பிறகு தலையைச் சொறிந்தார். “இதுல பொறிச்ச எழுத்தெல்லாம் ஏற்கெனவே மழுங்கித்தான் இருந்துச்சு. மேல் நிறமும் சட்டுனு உரிஞ்சு வந்துடுச்சு. தொண்ணூறு வருஷத்துச் சாயம் அவ்வளவு லேசுல வராதே, இது ஏன் இப்படி வருதுன்னு அப்பவே நெனைச்சேன்...”

வெர்னன் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. “இதைப் பழசாக்க முடியுமா?” என்றார்.

“நூறு வருஷம் கையில புழங்கின இரும்பு எப்படி இருக்கும்? வேர்வை, துணி, தோல். வேற ஒண்ணுமில்ல. உங்களுக்கு எத்தனை நாள் இருக்கு?”

“பதினெட்டு.”

“பதினெட்டு நாள்ல நூறு வருஷ வேர்வை.” டெல்பர்ட் வெளியே கொளுத்துகிற ஜூன் வெயிலைப் பார்த்தார். “நல்ல சீசன்தான்ணே.”

மறுநாளிலிருந்து வெர்னன் கடின உழைப்பாளியாகிவிட்டார். தோட்டாக் கூடு இல்லாத வெறும் துப்பாக்கியை முரட்டு ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு, நடுவெயிலில் புல்வெட்டியைத் தள்ளினார். தினமும் தள்ளினார். தன் வீட்டுப் புல் தீர்ந்ததும் பக்கத்து வீட்டில் தள்ளினார். அது தீர்ந்ததும் மாதாகோயில் புல்தரையில் தள்ளினார். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவரை எல்லோருக்கும் முன்மாதிரியாகச் சொன்னார்.

“புல்லே இல்லாத எடத்துல எதை வெட்டுற?” என்று கேட்டாள் லொரெட்டா.

“நான் புல் வெட்டல. வேர்த்துக்கிட்டிருக்கேன்.”

பன்னிரண்டாம் நாள் பலன் தெரிந்தது. ஓரங்கள் வெளுத்தன, பளபளப்பு செத்தது. வினிகரில் துணியை நனைத்து விளிம்புகளில் ஒற்றி எடுத்ததும், பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுகிற பழமை வந்துவிட்டது. வெர்னனும் ஆறு பவுண்டு எடை இறங்கியிருந்தார். இனிக் கீறல் ஒன்றுதான் பாக்கி.

கீறல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. சண்டை நுனியில் வந்தது.

“வளைவு மேல போகும்” என்றாள் லொரெட்டா.

“கீழ.”

“பிறந்ததுலேர்ந்து பாக்கறேன். மேல.”

“இந்த ஒரு வருஷமா மாசாமாசம் எண்ணெய் போட்டது நான். கீழ.”

“எண்ணெய் போடும்போது தலைகீழாப் பிடிச்சிருப்ப. குடும்பப் படத்துல பாரு.”

ஆல்பத்தை எடுத்தார்கள். முப்பத்தொரு வருஷத்துப் படங்களிலும் பெரியத்தை நடுவில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிடித்திருந்தார். முப்பத்தொன்றிலும் அவருடைய கட்டைவிரல் கீறலின் மேல் இருந்தது. அவ்வளவு படமும் எடுத்தவர் வெர்னன். ஒரு தடவையாவது விரலை நகர்த்தச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றி என்ன பயன்?

“அண்ணனைக் கேட்டுடலாம்” என்று லொரெட்டா போனை எடுத்தாள்.

“வேண்டாம், வேண்டாம்.”

“சந்தேகம் வராம கேக்கறேன். நீ சும்மா இரு.” அதற்குள் மறுமுனையில் ராய்ஸ் எடுத்துவிட்டார். “அண்ணே, நல்லா இருக்கியா? ஒண்ணுமில்ல, திருடன் பயந்த இடம் இருக்கில்ல, அது மேல வளையுமா கீழ வளையுமா?”

இவ்வளவு சந்தேகம் வராமல் யாராலும் கேட்க முடியாது.

“எதுக்கு?” என்றார் ராய்ஸ்.

“ஒரு... தையல். தலையணை உறையில பூ வேலை பண்றேன். பெரியத்தைக்குக் குடுக்க.”

“துப்பாக்கி உன் வீட்லதானே இருக்கு? எடுத்துப் பாத்துக்க வேண்டியதுதானே?”

லொரெட்டா போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு வெர்னனைப் பார்த்தாள். வெர்னன் கூரையைப் பார்த்தார்.

“அவரு வெளிய போயிருக்காரு. பெட்டிச் சாவி அவருகிட்ட.”

“அப்படியா. ஒண்ணும் கவலைப்படாதே. என் முறை வந்தப்ப நான் அதைக் கிட்டத்துல ஒரு படம் எடுத்து வெச்சிருக்கேன். டீ தட்டு அளவுக்குப் பெருசாப் போட்டு ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன். எல்லாரும் ஒத்துப் பாக்கலாம்.” ஒத்துப் பாக்கலாம் என்பதை ராய்ஸ் சாவகாசமாகச் சொன்னார். “மாப்ளைய நான் கேட்டதாச் சொல்லு.”

லொரெட்டா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஓரளவுக்குச் சமாளிச்சுட்டேன்” என்றாள்.

வெர்னன் எழுந்தார். துப்பாக்கியைக் கராஜுக்கு எடுத்துக்கொண்டு போனார். துணி சுற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினார். ஸ்கேலை வைத்தார். புது கான்கிரீட் ஆணி ஒன்றை எடுத்தார். முப்பத்து நாலு வருஷம் நாற்பது குழந்தைகள் கத்துகிற பஸ்ஸை ஒரு தடவைகூடத் தடம் மாற்றாமல் ஓட்டிய கை. கோடு கல்லில் வெட்டினது போல நேராக வந்தது. நுனிக்கு வந்ததும் நின்றார்.

“மேலயா?” என்று கேட்டார்.

“மேல” என்றாள் லொரெட்டா வாசலில் நின்று.

முப்பத்தொரு வருஷ இல்வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. ஆணி மேலே போனது.

ஞாயிற்றுக்கிழமை பூங்காக் கொட்டகையில் கூட்டம் அலைமோதியது. மேஜை முழுக்க வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், மசாலா அடைத்த முட்டை, நாலு வகை பழக்கேக். வெர்னனுக்கு எதுவும் இறங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராய்ஸ் பெரிய காகிதச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்ன மாப்ளே, இளைச்சுட்டீங்க?”

“வெயில், மச்சான்.”

“வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது.” பெட்டியின் மேல் விரலால் தாளம் போட்டுவிட்டுப் போனார்.

சாப்பாடு முடிந்தது. பெரியத்தையின் நாற்காலியை நடுவில் போட்டார்கள். வெர்னன் பெட்டியைத் திறந்து, தோட்டாக் கூட்டைத் தனியாக வைத்து, காலி என்று இரண்டு தடவை காட்டி, துப்பாக்கியைக் கொடுத்தார். பெரியத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை எடை பார்த்தார். மழுங்கிய எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறலில் வைத்து மெல்ல இழுத்தார். நகம் நேராகப் போய், நுனியில் மேலே ஏறி, நின்றது.

பெரியத்தை கண்ணைத் திறந்தார். வெர்னனை ஒரு பார்வை பார்த்தார்.

“அத்தை, ஒரு நிமிஷம்” என்று ராய்ஸ் முன்னால் வந்து சுருளை விரித்தார். டீ தட்டு என்று சொன்னது பொய், கதவு அளவுக்கு இருந்தது. படத்தில் கீறல் ஒரு சாலை மாதிரி போய், கடைசியில் கீழே வளைந்தது. “இது நான் எடுத்தது. வளைவு கீழ. இப்ப அங்க பாருங்க. மேல!”

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், துப்பாக்கியைப் பார்த்தார்கள், வெர்னனைப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் லொரெட்டா சாலட் கரண்டியோடு உறைந்து நின்றாள். மேல மேல என்று அடம்பிடித்த வாய் இப்போது திறக்கவில்லை.

வெர்னனுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. முடிந்தது. பென்சில் பென்சிலாகவே இருக்கட்டும். எழுந்து நின்றார். “அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்...”

“நீ சும்மா இரு” என்றார் பெரியத்தை. பிறகு ராய்ஸைப் பார்த்தார். “இது யாரு துப்பாக்கி?”

“உங்க அம்மாவோடது.”

“எத்தனை வருஷமா இந்தக் கீறலைத் தடவிப் பாக்கறேன்?”

“அதில்ல அத்தை, படத்துல...”

“எங்கம்மா துப்பாக்கி என் கையில இருக்கு. நீ காகிதத்தைக் காட்டுற. வளைவு மேலதான். எப்பவும் மேலதான். உன் படத்தைப் போட்டவன் ஏதோ சொதப்பியிருக்கான். சுருட்டி வை, காத்துல பறக்குது.”

ராய்ஸ் படத்தை இன்னும் உயர்த்திப் பிடித்தார். எண்பத்து நாலு வயது பெரியத்தை எப்பவும் மேலதான் என்று சொன்ன பிறகு கூட்டத்தில் பாதிப்பேருக்கு வளைவு மேலேதான் என்று ஞாபகம் வந்துவிட்டது. மீதிப்பேர் கேக்கைப் பார்க்கத் திரும்பினார்கள். ராய்ஸ் கதவு அளவுப் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

பெரியத்தை பெட்டி மூடியை மடியில் வைத்து, ‘லொரெட்டாவின் வீட்டுக்காரர்’ என்பதை ரப்பரால் அழித்தார். பேனாவைத் திறந்தார்.

“உன் முழுப் பேர் என்ன?”

முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வெர்னன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“வெர்னன் ஏர்ல் புரூயிட்.”

அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக, மையால் எழுதி, ஊதிக் காயவைத்தார். வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

“ராய்ஸ், கேமராவை வாங்கு” என்றார் பெரியத்தை. “இன்னிக்கு நீ எடு. வெர்னா, இப்படி வந்து என் பக்கத்துல நில்லு.”

எல்லோரும் வரிசை கட்டினார்கள். வெர்னன் பெரியத்தையின் நாற்காலியை ஒட்டி நின்றார். முதல் தடவையாகக் கேமராவின் இந்தப் பக்கம் நிற்பதால் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியத்தை துப்பாக்கியை மார்புக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலைக் கீறலின் மேல் வைத்துக்கொண்டார். ராய்ஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “எல்லாரும் சிரிங்க” என்றார் கடுகடுவென்று.

பெரியத்தை சிரித்தார். உதட்டை அசைக்காமல், வெர்னனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“உன் கோடு நல்லா வந்திருக்கு, எனக்கு அவ்வளவு நேரா வரல. ஆனா அந்த வளைவு இருந்துச்சே, அது திருடன் பயந்த இடம் இல்லப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணுல நானும் இதைத் தீட்டக் குடுத்துட்டு, ஆணியும் கையுமா உக்காந்திருந்தப்ப, எங்கம்மா படியேறி வர்ற சத்தம் கேட்டு நான் பயந்த இடம்.”